வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்

சாகப் போகிற ஒருத்தியிடம் நான் பொய் சொன்னேன். அதுவும் இயேசுவின் சாவைப் பற்றி!

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் அந்த அக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். மயிலாத்தாக்கா, எங்கள் லைன் வீடுகளின் சொந்தக்காரர். எட்டாவதோடு படிப்பை விட்ட நான், தெற்கேயிருந்து கைக்குழந்தையோடு திருப்பூர் வந்து இறங்கியபோது யாரும் வீடு தரவில்லை. அவர் தந்தார். நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்றதும், "செரி உடு, இந்த ஊட்டுல ஒரு சாமி கூடுதலா இருக்கட்டும்" என்று சிரித்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு நான் போனால் குழந்தை அவர் மடியில். இன்று நான் நிமிர்ந்து நிற்பது அவரால்தான்... சந்தேகமே இல்லை.

அவருக்குப் புற்றுநோய் முற்றி, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் பெரிய வெள்ளி. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் மும்மணி நேர ஆராதனையில் போதகர் ஒன்று சொன்னார். ஒரு சுவிசேஷத்தில் இயேசு, கடவுளே கைவிட்டாரே என்று கதறிச் சாகிறார். இன்னொன்றில் அமைதியாகத் தகப்பன் கையில் உயிரைக் கொடுக்கிறார். வேறொன்றில், ஜெயித்தவர் போல, எல்லாம் முடிந்தது என்று தலை சாய்க்கிறார். ஆதி விசுவாசிகளுக்குள்ளேயே பார்வை வேறு வேறு. கடவுளுக்கு வலிக்குமா என்று கூசிய சிலர், வலித்ததுபோல் தோன்றியதே தவிர வலிக்கவில்லை என்றார்களாம். சபை அதை மட்டும் தள்ளிவிட்டது. கதறலையும் அமைதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையோடு நேராக அக்காவின் கட்டிலுக்குப் போனேன்.

"ஏங்கண்ணு, ஆணி அடிக்கறப்ப உங்க சாமிக்கு வலிச்சுதா? பயந்துச்சா?"

அவர் உதடு நடுங்கியது. அழுதுவிடுவாரோ! அழுதால் நான் என்ன செய்வேன்? கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள் நான்...

"இல்லக்கா. பாக்கறவங்களுக்குத்தான் அப்படித் தெரிஞ்சுது. அவருக்கு வலிக்கவே இல்ல."

சபை தள்ளிவிட்டதைப் பொறுக்கி எடுத்துச் சொன்னேன்! தெரிந்தே சொன்னேன்.

"அட, குடுத்து வெச்ச சாமி! எனக்கு ஊசி குத்துனாலே உசுரு போவுது" என்றார். அதன்பிறகு தன் பயத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. ஆறுதலடைந்துவிட்டார் என்று நினைத்தேன்... முட்டாள்!

அக்கா இறந்து, காரியம் முடிந்தபின் அவர் மகள் சொன்னாள்: "அம்மா கடைசி வரைக்கும் வாயில துணிய வெச்சுக்கிட்டுத்தான் அழுதுச்சுங்க்கா. 'சத்தங்கேட்டா பக்கத்தூட்டுப் புள்ள பயந்துக்கும், அவ சாமியே அழுவலையாமா'ன்னு சொல்லுமுங்க."

அந்த வலியிலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டார்! இதற்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வது?

ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்தக் கதறலை வாசிக்கும்போது, அதை அழிக்காமல் விட்டவர்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். மனதாரச் சொல்கிறேன். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அதைவிடத் துணை இல்லை. கதறிய கடவுள்... அவரிடம்தான் நான் போய் ஒட்டிக்கொள்கிறேன்.

அந்தத் துணை அக்காவுக்கும் வேண்டியிருந்தது. என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.