அமுதவல்லியின் பாதிக் கணக்கு

பாலக்கோட்டில் அமுதவல்லியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்து தருகிறாள். தர்மபுரி ஸ்டுடியோக்காரர் சந்திரமோகன் போன வாரம் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுத்து, "ஞாயித்துக்கெழம ரிசப்ஷன்ல பெரிய திரையில போடணும்மா. சரியா வந்துச்சுன்னா ஆவணி முகூர்த்தம் பூரா உனக்குத்தான். இல்லீன்னா சேலத்துக்கு அனுப்பிருவேன்" என்றார். அவள் யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டாள். யோசிப்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

அவளிடம் இருந்தது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட, பெரிய கம்பெனி ஒன்று தயாரித்த பழைய கம்ப்யூட்டர். புது கேமரா எடுத்த படங்களுக்கு அது திணறியது. கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால்தான் ஆகும் என்று கடைக்குப் போனாள். கடைக்காரர் ஆரோக்கியராஜ் பெரிய கார்டாக எடுத்து நீட்டினார்.

"இதுக்குத் தனியா கரண்டு ஒயர் வேணும். உன் பெட்டியில அது இல்லீன்னா, வேற ஒயர்லருந்து இழுக்க கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்மா."

"என் பவர் பாக்ஸ் எரநூத்தி நாப்பது வாட்டுங்க. மத்ததெல்லாம் சேந்தே நூத்தி முப்பது திங்குது. கன்வெர்ட்டர் போட்டா கரண்டு கூடிருமாங்க?" என்றாள். ஆரோக்கியராஜ் சிரித்தார். தனி ஒயர் வேண்டாத, எழுபத்தைந்து வாட்டில் அடங்கும் சின்ன கார்டையே வாங்கிக்கொண்டாள். "என் கணக்கு தப்பாதுங்க" என்று கடையில் நின்றிருந்த நாலு பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தாள்.

கார்டை அவளே மாட்டினாள். கம்ப்யூட்டர் சும்மா பறந்தது. வெள்ளிக்கிழமை காலை முழுப் படத்தையும் ஒரே ஃபைலாக்கும் எக்ஸ்போர்ட்டுக்குப் போட்டாள். நாற்பதாவது நிமிடம் பட்டென்று அணைந்தது. உடனே மறுபடி போட்டாள், பத்தே நிமிடம். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டாள், இருபது நிமிடம் ஓடி அணைந்தது.

ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். "அப்ப உன் பவர் பாக்ஸ் பத்தலம்மா. மாத்திரு" என்றார் அவர். அந்தக் கம்பெனி செய்த போர்டில் வெளிக்கடை பவர் பாக்ஸின் ஒயர் மாட்டாது. அந்தக் கம்பெனியின் பவர் பாக்ஸையே வரவழைக்க ஒரு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் படம் சேலத்துக்குப் போய்விடும், ஆவணியும் கூடவே போகும். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பவர் பத்தாதென்றால் பாரம் ஏறியதுமே விழுந்திருக்க வேண்டாமா? நாற்பது நிமிடம் ஓடிவிட்டு ஏன் விழுகிறது? கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மட்டும் ஏன் கூடுதலாக ஓடுகிறது?

வாசலில் வண்டிச் சத்தம். புருஷன் ரஞ்சித்குமார் தோட்டத்துத் தக்காளியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, மண்டிக்குப் போகும் வழியில் சாப்பிட வந்திருந்தான். பசியில் உயிர் போனாலும் இறங்கியதும் அவன் செய்கிற முதல் வேலை தார்ப்பாயை விலக்குவதுதான். தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகளுக்குள் கை விட்டுப் பார்த்தான்.

"பத்து நிமிசந்தானே நிக்கப் போறீங்க?"

"ஓட்டத்துல காத்து பூரும். நின்னா உள்ளயே வெந்துரும் அமுதா. மூடி வெக்கக் கூடாது."

ஆயிரம் தடவை பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் உறைத்தது. உள்ளே ஓடினாள்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தலையோடு கால் மெரூன் பூப்போட்ட உறை. தக்காளி டிராக்டர்கள் கிளப்பும் புழுதிக்கு பயந்து, மாமியார் சின்னம்மாளைத் தைக்கச் சொல்லி அமுதவல்லியே வாங்கிப் போட்டது. அந்த வீட்டில் மிக்ஸியிலிருந்து பீரோ வரை எல்லாவற்றுக்கும் உறை உண்டு. சுவிட்சுக்கு ஒரு ஓட்டை, ஒயருக்கு ஒரு ஓட்டை. காற்றுக்கு எதுவும் இல்லை. கார்டு வராத வரை இரண்டு வருஷம் பெட்டி அதைப் பொறுத்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது.

உறையை உருவினாள். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, கவிழ்த்த தக்காளி கிரேட்டின் மேல் ஏற்றினாள். அடைந்திருந்த தூசியைத் துடைத்தாள். மத்தியானம் படத்தை மறுபடி போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். நாற்பது தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. இரண்டே கால் மணி நேரத்தில் முழுப் படமும் வந்து விழுந்தது.

உடனே ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். "பவர் கணக்கு சரிதாங்க. காத்துக் கணக்கத்தான் வுட்டுட்டேன். பாதிக் கணக்குதான் போட்டுருக்கேன்." அமுதவல்லி தப்பை ஒத்துக்கொண்டு அவர் கேட்டதே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் திரையில் தாலி கட்டுகிற இடம் வந்தபோது பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்திரமோகன் ஆவணித் தேதிகள் எழுதிய தாளை அமுதவல்லியின் கையில் கொடுத்தார்.

சின்னம்மாளிடம் உறையைப் பற்றி எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் ஆசையாகத் தைத்தது. திங்கட்கிழமை காலை வேலைக்கு உட்காரப் போனவள் நின்றுவிட்டாள். உறை மடித்து நாற்காலியில் இருந்தது. சின்னம்மாள் கிரேட்டைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சித்து சொன்னான். வேல முடிஞ்சு, சூடு ஆறுனதுக்கு அப்பறம் உறைய நானே போட்டுக்கறேன். இப்ப நீ உன் வேலயப் பாரு. ஆவணி வருதில்ல?" என்றாள் சின்னம்மாள்.