மூன்று அப்பளமும் ஒரு கோலும்

பந்து என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரியும். காற்றடைத்த ஒரு தோல் உருண்டைக்காக நான் இரண்டு வருஷம் பெற்றவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பட்டவள் நான்தானே.

பிறந்தது திண்டிவனம், வாக்கப்பட்டது விழுப்புரம். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள். என் வீட்டுக்காரர் விழுப்புரம் ஜங்ஷன் கூட்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. ஹைஸ்கூல் படிப்பை முடித்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பள்ளிக்கூடத்துப் புட்பால் டீமை அவர் விடவில்லை. என் தம்பியோ திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக் கோல் கீப்பர். இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஜென்மப் பகை. பொங்கல் கழித்து வருகிற கடைசி மேட்ச் இவர்களுக்குள்தான்.

கல்யாணமான புதிதில் சமையலறைத் தரையில் கரிக்கோடு கிழித்து, எலுமிச்சம்பழத்தை உருட்டி எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். "முழுப் பந்தும் கோட்டைத் தாண்டணும். கோட்டு மேலயே நின்னுச்சுன்னா கோலு கெடையாது. கோட்டைத் தாண்டினாத்தான் கோலு, தெரிஞ்சிக்க" என்பார். புதுப் பெண்டாட்டியிடம் பேச அந்த மனுஷனுக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லை.

முதல் வருஷ மேட்ச் திண்டிவனத்தில். விழுப்புரம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. அன்று எங்கள் அம்மா வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இலையில் உட்கார்ந்திருந்தார். என் தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அம்மா, மாமாவுக்கு மூணு அப்பளம் வையி. வாங்கின கோலுக்கு ஒண்ணு ஒண்ணு" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவருக்கு வந்ததே கோபம்! ரசம் சோற்றோடு எழுந்துவிட்டார். "எங்க ஊரு ஜெயிக்கிற வரைக்கும் நானும் சரி, எம் பெண்டாட்டியும் சரி, இந்த ஊரு மண்ணை மிதிக்க மாட்டோம்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். சபதம் போட்டது அவர். அதில் என்னை எதற்குச் சேர்த்தார்? யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஆளுக்கொரு கோல். ஜெயிக்கவில்லையாம், அதனால் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். ஏழாம் மாசம் அப்பா வளையலும் புடவையுமாக அழைத்துப்போக வந்தார். "வளையல் போட்டுட்டுப் போங்க மாமா. மேட்ச் வருது. ஜெயிச்சதும் நானே கொண்டாந்து வுடறேன்" என்று சொல்லிவிட்டார் இவர். தோற்றால்? தோற்றால் இங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டியதுதானாம். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி ஏறினார்.

மேட்ச் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்மேல் ஏறி, மதில் மேலாகப் பார்த்தேன். "எறங்குடி பாவி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடப் போவுது!" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கத்தினாள். நான் இறங்கவில்லை. கூடப்பிறந்தவன் தோற்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு நின்றேன். என்னை அப்படி வேண்ட வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். விழுப்புரத்துப் பையன் ஒருவன் அடித்த பந்து தரையோடு தரையாக உருண்டு வந்தது. அதைக் குழந்தைகூட எடுத்துவிடும். என் தம்பி குனிந்தான். பந்து அவன் காலிடுக்கில் புகுந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஊரே எழுந்து குதித்தது. என் வீட்டுக்காரர் கொறித்துக்கொண்டிருந்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தை ஆகாசத்தில் வீசிவிட்டு, மேளக்காரர்களோடு ஆடிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனார். நான் உள்ளே வந்து டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். முகம் கறுத்துக் கிடந்தது.

"ஜெயிச்சாச்சே. எப்பங்க கிளம்பலாம்?" என்றேன்.

"எவன் ஜெயிச்சான்? ஆபீஸ் ஆளுங்க கடைத்தெருவுல சிரிக்கிறானுங்க. அக்காளுக்காக மச்சான் பந்தை விட்டுக் குடுத்துட்டானாம். உந்தம்பி போட்ட பிச்சை. இது ஒரு ஜெயிப்பா? போவ முடியாது."

அடப்பாவி மனுஷா! ஜெயித்தாலும் போகக்கூடாது, தோற்றாலும் போகக்கூடாது என்றால் நான் எப்போதுதான் போவது? "உங்க வீம்பைக் கொண்டுபோய் அடுப்புல வைங்க" என்றேன். மறுநாள் காலை பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், அவர் கண்ணெதிரில் டிக்கெட் வாங்கித் திண்டிவனம் வண்டியில் ஏறினேன். கூட்ஸ் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார்.

வழியெல்லாம் தம்பியை நினைத்து நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. எனக்காக ஒருத்தன் இருக்கிறானே என்று. வீட்டில் நுழைந்ததும் அவன் கையைப் பிடித்தேன். "எனக்காகத்தானேடா விட்டே?"

கையை உதறினான். "இன்னாக்கா, நீயுமா? தெருவுல தலை காட்ட முடியல. கை தவறிப்போச்சு. உனக்காவ நான் டீமைக் காட்டிக் குடுப்பனா?"

"குடுத்தாத்தான் இன்னாடா? ஒரு பந்து, ஒரே ஒரு பந்து, அக்காவுக்காவ விடக்கூடாதா?"

"ஆட்டம் வேற, அக்கா வேற" என்றான் அந்தத் தடியன். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஆண் பிள்ளை பிறந்தது. அப்பா கார்டு போட்டார். தீட்டுக் கழிந்த பிறகு ஒரு நாள் ஸ்டேஷன் போர்ட்டர் ஓடி வந்தான். "எம்மா, உங்க வூட்டுக்காரரு பிளாட்பாரத்துல நிக்கறாருங்க. பிளாட்பாரம் ரயில்வேக்காரன் எடமாம், இந்த ஊரு மண்ணு கெடையாதாம். கொழந்தையைத் தூக்கிக்கினு ஜல்தி வரச் சொன்னாரு. எதிர் வண்டியில திரும்பணுமாம்."

பச்சை உடம்புக்காரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போக வேண்டுமாம்! "போய்ச் சொல்லுப்பா" என்றேன். "கோட்டு மேல நின்னா கோலு கெடையாது. கோட்டைத் தாண்டினாத்தான் கோலுன்னு சொல்லு. அவருக்குப் புரியும்."

எதிர் வண்டி வந்து, அவரை விட்டுவிட்டுப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தூளியைப் பார்க்கவில்லை. நேரே தம்பியிடம் போனார்.

"மச்சான், மறைக்காம சொல்லு. அந்தப் பந்தை நீயா விட்டியா, தவறிப்போச்சா?"

"தவறிப்போச்சு மாமா. சத்தியமா."

"அப்ப நாங்க ஜெயிச்சதுதான்!" அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தம்பி தோளைத் தட்டிவிட்டு அப்புறம்தான் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "எங்க, எம் புள்ளையைக் குடு."

பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து என் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"போய் அந்தப் பந்தை மடியில வச்சிக் கொஞ்சுங்க" என்றேன்.