சூரியத் தகட்டுக்கு ஓர் உறை

1995 ஜூலை 22, சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமைகள் ஆறரை மணிக்குத் தொடங்கும். அம்மா தேநீர் ஊற்றுவார். அப்பா சமையலறைக் கண்ணாடியில் சவரம் செய்வார். மாமா மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு எழும்புவார். ஏழேகாலுக்கு நான், கோடை விடுமுறையில் எழுதும்படி ஆசிரியை சொல்லியிருந்த நாட்குறிப்பை எடுத்து, திகதியையும் கிழமையையும் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மிச்சத்தை மாலைக்கு விட்டுவைப்பேன். அந்த நாளின் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. இத்தாலியனில் மூன்றே வரிகள்: இன்று படகில் இருந்தோம். தண்ணீர் குளிர்ந்தது. ஐஸ்கிரீம் வாங்கித் தரவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நடந்தவற்றில் அந்த மூன்றும்தான் எனக்கு முக்கியமாகப் பட்டிருக்கின்றன. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோவில் இரண்டாம் மாடியில் இருந்தோம். அங்கிருந்து லா காலா துறைக்கு அப்பாவின் நடைக்குப் பதினெட்டு நிமிடம், என் நடைக்கு இருபத்தைந்து. துறையில் ஒன்பது மீற்றர் நீளமான பாய்மரப் படகு ஒன்று கட்டிக் கிடந்தது. அம்மா வீட்டு வேலை செய்த எசமானி, நாங்கள் சின்யோரா என்று அழைத்தவரின் படகு அது. உண்மையில் அவருடைய காலஞ்சென்ற கணவரின் படகு. சின்யோரா அதில் ஏறுவதேயில்லை. பார்த்தாலே தலை சுற்றும் என்பார். அப்பா மன்னார்க் கடலில் தொழில் செய்தவர் என்று அறிந்த நாளில் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். கடலில் பிறந்தவருக்கு எல்லாப் படகும் தெரியும் என்பது அவருடைய எண்ணம். அப்பாவுக்குக் காற்றும் கயிறும் தெரியும். ஆனால் அவர் ஏறிய வள்ளம் எதிலும் பற்றரி இருந்ததில்லை.

அந்தச் செப்டெம்பரில் எங்கள் பெர்மெஸ்ஸோ, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி, முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பதற்கு, அப்பா தன்னிடம் வேலை செய்கிறார் என்று சின்யோரா ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மாவும் நானும் அப்பாவின் தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு முறை கேட்டதற்கு சின்யோரா ஒரே பதிலைத்தான் சொன்னார்: மிலானிலிருந்து மகன் வருகிறான், முதலில் அவன் படகைப் பார்க்கட்டும். மகன் வரும் நாள் ஜூலை 22, மாலை ஆறு மணி. இவையெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியவை. மகன் வந்தால் படகு ஓடும், என்னையும் ஏற்றுவார்கள் என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரிந்தது.

உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜூலையிலும் சின்யோரா மொண்டெல்லோவிலுள்ள கடற்கரை வீட்டுக்குப் போவார். நகரத்து வீட்டை மூடுவது அம்மாவின் வேலை. சோபாக்களுக்கு வெள்ளைத் துணி, பியானோவுக்கு வெள்ளைத் துணி, படங்களுக்குக்கூட வெள்ளைத் துணி. வெயில் பட்டால் எதுவும் வெளிறும் என்பது அந்த வீட்டின் சட்டம். எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சிக்கும் மின்விசிறிக்கும் உறை உண்டு. அந்த வருடம் சின்யோரா புறப்படும்போது, படகையும் வீட்டைப் போலவே ஒழுங்காக மூடி வையுங்கள் என்றார்.

படகின் பின்புறத்தில் இரண்டு சூரியத் தகடுகள் பக்கம் பக்கமாகப் பொருத்தியிருந்தன. கருநீலக் கண்ணாடி, உள்ளே வெள்ளி நூல் போன்ற கோடுகள். படகிலேயே மிக அழகான பொருள் அதுதான். இரவில் விளக்கு எரிப்பதற்கு என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். ஆளில்லாத படகில் விளக்கு எதற்கு? அளவெடுத்தவள் நான்: இரண்டும் சேர்ந்து 102 சென்ரிமீற்றர் நீளம், 96 அகலம். அம்மா கெட்டியான வெள்ளைத் துணியில், ஓரத்தில் இழுவை நாடா வைத்து, நான்கு மூலையிலும் கட்டுவதற்கு ரிப்பன் வைத்துத் தைத்தார். ஜூலை 10, திங்கட்கிழமை, மூவருமாகப் போய் மாட்டினோம். ஒரு சுருக்கம் இல்லை. வழக்கமாகப் படகைப் பார்க்கப் போகும் சனிக்கிழமை, அந்த வாரம் நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா நாள். அப்பா சின்யோராவின் சாமான்களை மொண்டெல்லோவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஆகவே பன்னிரண்டு நாள் யாரும் படகை எட்டிப் பார்க்கவில்லை.

22ஆம் திகதி காலை எட்டு பத்துக்கு அப்பா படகின் உள்ளறைக் கதவைத் திறந்து ஒரு படி இறங்கினார். இறங்கிய காலை உடனே மேலே எடுத்தார்.

"பிள்ளை, நீ அங்கையே நில்லு."

நான் நிற்கவில்லை. உள்ளே தரைப்பலகை ஒன்று, தன் மேல் ஒற்றைச் செருப்பை ஏற்றிக்கொண்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் எந்நேரமும் கொஞ்சம் தண்ணீர் கசியும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதை இறைப்பதற்கு ஒரு சிறிய பம்ப் உண்டு. தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை உயர்ந்து, பம்ப் தானாக ஓடும். அப்பா குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு மிதவையை அசைத்தார். சத்தமே இல்லை. சுவரில் பற்றரியின் வோல்ட் காட்டும் வட்ட மானியின் முள், பன்னிரண்டுக்கு மேலே நிற்க வேண்டியது, ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் விழுந்து கிடந்தது.

"பற்றரி செத்துப்போச்சு," என்றார் அப்பா. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

துறை மூலையிலிருந்த பாரின் தொலைபேசியில் நான்தான் மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏழு மாதமாகியிருந்தது. ஒன்பது மணிக்குத் தன் சைக்கிளோடு வந்தார். வந்ததோடு நில்லாமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படகிலும் ஏறினார்.

"அத்தான், பற்றரி எண்டால் என்னட்டை விடுங்கோ. கரண்ட் இல்லாமல் எத்தினை வருஷம் இருந்தனாங்கள்? றேடியோவிலை செய்தி கேக்காமல் விட்டனாங்களே? எதிலை கேட்டது? இதிலை!" சைக்கிள் டைனமோவைத் தட்டிக் காட்டினார்.

"றேடியோவும் இதுவும் ஒண்டே? அந்தப் பற்றரியை ஒருக்காத் தூக்கிப் பார், உன்ரை இடுப்புக் கழண்டு போம்."

"நீங்கள் சும்மா இருங்கோ அத்தான்."

மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு வயரை இழுத்துப் பற்றரியில் கொளுவி, மிதியைக் கையால் சுழற்றத் தொடங்கினார். மானியைப் பார்க்கும் வேலை எனக்கு. நாற்பது நிமிடம் சுழற்றினார். பக்கத்துப் படகிலிருந்த கிழவர் கோப்பியைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு ஆடினது மாதிரிக் கிடந்துது. பாத்தனியே பிள்ளை?"

"இல்லை மாமா."

"நல்லாப் பார்."

"நீங்கள் படகை ஆட்டினதிலை ஆடினது."

"சுத்தினது காணும்," என்றார் அப்பா. "வாளியைப் பிடி."

அப்பா மொள்ளுவார், மாமா வாங்கிப் பின்புறத்தால் கடலில் ஊற்றுவார். நான் எண்ணினேன். பதினொன்று ஐம்பதுக்கு நூற்றெண்பத்தாறு வாளி. தரை தெரிந்தது, மிதவையும் தாழ்ந்து படுத்துக்கொண்டது. ஆனால் சுவர்ப்பலகையில், தரையிலிருந்து பதினான்கு சென்ரிமீற்றர் உயரத்தில், தண்ணீர் நின்ற கோடு சுற்றிவரத் தெரிந்தது. அப்பா அதை ஈரத் துணியால் தேய்த்தார். போகவில்லை. திரும்பவும் தேய்த்தார்.

பன்னிரண்டு ஐந்துக்கு அம்மா சோற்றுப் பொதியோடு வந்தார். நடந்ததைக் கேட்பதற்கு முன்னால் அவர் கண்ணில் பட்டது உறை. மாமா ஊற்றிய ஊத்தைத் தண்ணீர் அதில் திட்டுத் திட்டாகத் தெறித்திருந்தது.

"உனக்கென்ன விசரே? புதுத் துணியடா! இந்தக் கறை போகுமெண்டு நினைக்கிறியே?"

"அக்கா, இஞ்சை படகே தாழுது, நீ துணிக்கு அழுறாய்."

அம்மா படகில் ஏறி, நான்கு ரிப்பனையும் அவிழ்த்து, உறையைக் கழற்றி உதறி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். நான் உள்ளே மானியின் முன்னால் இருந்தேன். போகச் சொல்லி யாரும் சொல்லாததால் இருந்தேன். தூக்கத்திலிருந்து எழும்புகிறவரைப் போல முள் நிமிர்ந்தது.

"அப்பா, பத்தரை!"

"என்ன பத்தரை?"

"இப்ப பத்தே முக்கால்!"

"பாத்தியளே அத்தான்!" என்று மாமா துள்ளினார். "என்ரை டைனமோ இப்பத்தான் வேலை செய்யத் தொடங்கியிருக்கு!" சைக்கிள் அப்போது கரையில் சாய்ந்து கிடந்தது.

அப்பா அம்மாவின் பையிலிருந்து உறையை எடுத்து, தகடுகளுக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

"இப்ப?"

"இறங்குது."

உறையை எடுத்தார். "இப்ப?"

"ஏறுது."

மூன்று முறை அப்படிச் செய்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு அம்மா அந்த இடத்திலேயே, வாளிகளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இது விளக்குக்கு மட்டுமில்லையே?"

"எல்லாத்துக்கும் இதுதான் சாப்பாடு போடுது போலை."

"பன்ரண்டு நாள் பட்டினி போட்டிட்டன்," என்றார் அம்மா.

பொதியை அவிழ்த்தோம். சாப்பிட்டது மாமாவும் நானும்தான். மாமாவுக்கு வாய்க்குள் சோறு இருக்கும்போதே யோசனை வந்தது.

"ஒண்டும் கதைக்காதையுங்கோ. பற்றரி பழசெண்டு சொல்லுவம். தண்ணி எங்கை? போட்டுது. ஆருக்குத் தெரியும்?"

"கோடு கிடக்குது," என்றார் அப்பா. "நான் சொல்லுறன். சாவி என்னட்டைத்தானே தந்தது."

"நீங்கள் வாய் திறக்கப்படாது," என்றார் அம்மா. "கடுதாசி உங்கடை பேரிலை. தைச்சது நான், கட்டினது நான். நான் சொல்லுறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான்தான் மூடினனான் எண்டு இத்தாலியனிலை என்னெண்டு சொல்லுறது?"

அம்மாவுக்குச் சமையலறைக்கும் கடைக்கும் போதுமான இத்தாலியன் இருந்தது. இந்த வசனம் அதற்குள் இருக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேன்: "லோ கொப்பேர்த்தோ இயோ." மூன்று சொல்தான். அம்மா தகடுகளைப் பார்த்தபடி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான் சொல்லுறன் அம்மா. எனக்கெண்டால் நல்லா வரும்."

"வேண்டாம். உன்ரை வாயாலை வரவேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேர்த்தியாகத் தைத்ததற்கான பெயரை அம்மா தனியாக வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "அளவெடுத்தது நான் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றேன். அம்மா என் தலையில் கை வைத்தார், வசனத்தை நிறுத்தவில்லை.

அன்று பலெர்மோவின் வெயில் எங்கள் பக்கம் நின்றது. மேகம் ஒன்றுகூட வரவில்லை. மூன்று நாற்பதுக்கு அப்பா ஒரு விரலால் மிதவையை உயர்த்தினார். அடியில் உறுமல் கேட்டது. படகின் பக்கத்துத் துளையால் தண்ணீர் துப்பியது. மாமா கைதட்டினார். பக்கத்துப் படகுக் கிழவரும் தட்டினார், எதற்கென்று தெரியாமலேயே.

ஆறு பத்துக்கு சின்யோராவின் மகன் வந்தார். மெலிந்த மனிதர், கையில் சிறு பெட்டி. சப்பாத்தைக் கழற்றிக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினார். அவர் மாலை வணக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள், படித்தவர்களை அங்கே மரியாதையாகக் கூப்பிடும் சொல்லோடு அம்மா முந்திவிட்டார்.

"தொத்தோரே, லோ கொப்பேர்த்தோ இயோ."

எதை மூடினார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். அவர் உறையைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார், பிறகு உள்ளே இறங்கிச் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தார். நான் பொறுக்க முடியாமல், அளவெடுத்தது நான் என்று இத்தாலியனில் கத்தினேன். மாமா என் கையைக் கிள்ளினார்.

"எத்தனை நாள்?" என்று அவர் கேட்டார்.

"பன்னிரண்டு," என்றேன்.

"எத்தனை வாளி?"

"நூற்றெண்பத்தாறு."

அவர் சிரிக்கவில்லை. உறையின் தையலை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, மடித்து அம்மாவிடம் கொடுத்தார். அப்பாவிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்: இரவில் தகடு வேலை செய்யாது. பற்றரியில் உயிர் இருக்கிறதா என்று காலையில்தான் தெரியும். அப்போது தரைப்பலகைக்கு மேலே தண்ணீர் வந்திருந்தால், என் தாயாரிடம் நான் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்கு வருகிறேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மொண்டெல்லோவுக்குப் போய்விட்டார்.

"அத்தான், நான் வாளியோடை இஞ்சை படுக்கிறன்," என்றார் மாமா.

"வேண்டாம். அவர் பாக்க வாறது படகை, உன்னை இல்லை."

அப்பா கதவைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்து, வாளிகளையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் ஐஸ்கிரீம் கடையைத் தாண்டினோம். யாரும் நிற்கவில்லை.

ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாற்பத்தைந்துக்கு, பூசைக்குப் போகும் உடுப்போடு, மூவரும் படகில் இருந்தோம். அப்பா பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அடியில் ஒரு விரல் அளவுதான். மானியில் பன்னிரண்டு தசம் இரண்டு. அதை இத்தாலியனில் எப்படிச் சொல்வதென்று எனக்குள் சொல்லிப் பார்த்துத் தயாராக நின்றேன்.

ஏழு மணிக்கு அவர் வந்தார். உள்ளே இறங்கவில்லை. பலகையைத் தூக்கவில்லை. வந்தவுடன் முதல் வேலையாக, பின்புறத்து வாங்கில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து முழங்காலில் விரித்தார். அதன் அடியில் சின்யோராவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பேனாவைத் திறந்து, அப்பாவின் பிறந்த திகதியையும் ஊரையும் கேட்டார். அம்மாதான் சொன்னார்.

வந்த காரியத்தை இந்த மனிதர் மறந்துவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "தொதிச்சி விர்கொலா தூவே," என்றேன், மானியைக் காட்டி.

"பெனே," என்று ஒரு 'நல்லது' சொல்லிவிட்டு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கேட்கவில்லை போலும் என்று, இன்னும் சத்தமாக ஒரு முறை சொன்னேன்.