மாங்கொட்டை ஓட்டு

சித்தூர் மாங்கூழ்த் தொழிலாளர் மன்றத்துக்கு முப்பத்தெட்டு வருஷமாகச் செங்கல்வராயன்தான் செயலாளர். நகரிப் பக்கத்திலிருந்து மாங்கூழ் ஃபேக்டரிக்குப் பழம் கொட்டும் வேலைக்கு வந்தவர். வந்த மூன்றாம் வருஷமே கொடி பிடித்துவிட்டார்.

அன்று பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் மன்றத்தில் ஓட்டுக்கு உலர்ந்த மாங்கொட்டைதான். பின்னறையில் இரண்டு பானை. இடது 'வேணும்', வலது 'வேணாம்'. எதிர்த்துப் போட்டவனும் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று கத்திக் கத்தியே அவர் குரல் கம்மிப்போனது.

உறுப்பினர்களில் பதினோரு பேருக்கு அவர் பாடை தூக்கியிருக்கிறார். அவர்கள் பெயரைப் பதிவேட்டில் அடிக்க மனசு வரவில்லை. உயிரோடு மிச்சம் அவரையும் சேர்த்து நாலு பேர். இருக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று இடத்துக்காரர் கேட்டுவிட்டார். சத்தியவேட்டிலிருந்து மகள் நளினியும் போனில் விடவில்லை.

"நைனா, ஆளில்லாத ரூமைக் காத்துக்கினு அங்க ஒண்டியா என்னா துன்றியோ. இங்க வந்துடு."

"மன்றம் இருக்கிற வரைக்கும் வரமாட்டேம்மா. போனவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

தை மாதத்து ஞாயிறு, மதியம் மூன்று மணி. மன்றம் தொடர வேண்டும் என்று தீர்மானம். பாஸ்கர், ரமணா, வேங்கடாசலம், கடைசியில் அவர் என்று ஒவ்வொருவராகப் பின்னறைக்குப் போய்வந்தார்கள். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

'வேணும்' பானையில் நாலு கொட்டை. அவருக்குப் போன உயிர் திரும்பியது. மற்றதை ஒப்புக்குத்தான் கவிழ்த்தார்.

பதினோரு கொட்டைகள் விழுந்தன. நாரில் சதை ஒட்டிச் சாறு சொட்டியது. தோத்தாபுரிப் பழத்தின் வாசம் அறை முழுக்கப் பரவியது. சித்தூரில் மாம்பழம் வர இன்னும் நாலு மாசம் இருக்கிறது.

பாஸ்கர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"எவனோ வெளையாடுறான்ணா, மறுபடி போடலாம்" என்றார் வேங்கடாசலம், தரையைப் பார்க்காமல்.

செங்கல்வராயன் ஒரு கொட்டையை எடுத்தார். யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் வைத்திருந்த மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட அதிகமாக வலித்தது. யாருக்காகத் தனியாகக் கிடந்தாரோ அவர்களே வேணாம் என்கிறார்கள்.

"ஓட்டு ஓட்டுதான்" என்றார். "நாலுக்குப் பதினொண்ணு. தீர்மானம் தோத்துப்போச்சு. காலி பண்ணிடலாம்."

பிறகு மகளைக் கூப்பிட்டார். "நளினி, நான் வந்துடறேன். என்னைப் போவச் சொல்லிட்டாங்க."

"யாரு நைனா சொன்னது?"

ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தவர், மூன்றாவது பெயரிலேயே அழுதுவிட்டார்.