பேய்ப் படத்துக்கு நான் போட்ட சத்தம்

கிள்ளான்ல கொட்டாய் போட்டு ஒரு ஊமைப் படம் காட்டுனாங்க. சிரிப்புப் பேய்ப் படம். பேய்க்குச் செலவு ஒரு வெள்ளப் போர்வைதான். ஆனா ஊரே புகழ்ந்துச்சு. எல்லாம் திரை பக்கத்துல நின்னு கதை சொல்ற அந்தோணியால. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ரயிலேறி வர்றவன். பக்கத்து வீட்டு அக்காவோட போய்ப் பாத்த என் சம்சாரம், அவன் பேசுனத வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஊருக்கே கோமாளி நான். ஆனா என் பேச்சுக்கு அவ ஒரு நாளும் சிரிச்சதில்ல. வயிறு எரிஞ்சுது.

படத்தைக் கவுக்கணும்னே மறுநாள் அவளக் கூட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்தேன். போர்வை வந்ததும், "இது பேயா? எங்க மாமனார் குளிச்சிட்டு வர்றாரு லா!"ன்னு கத்துனேன். அந்தோணி பேச்ச நிறுத்திட்டான். நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சப்ப, போர்வை விலகி ஒரு மூஞ்சி வந்துச்சு பாருங்க! "ஐயோ அம்மா!"ன்னு அலறி சம்சாரம் மடியில ஏறிட்டேன்.

கொட்டாயே உருண்டு சிரிச்சுது. "அண்ணே, நாளைக்கும் வாங்க. படம் நல்லாருக்குன்னு உங்களவிட சத்தமா யாரும் சொல்லல"ன்னான் அந்தோணி.

இப்பல்லாம் பாக்காத படத்தக் குறை சொல்றதில்ல. அலறல் வெளிய வராம, கடைசி வரிசையில வாயில துண்டக் கடிச்சிக்கிட்டு உக்காருறேன். சம்சாரம் திரையப் பாக்காம என்னையே பாத்துச் சிரிக்கிறா. அந்தோணிக்கு எரியட்டும் வயிறு!