செய்து பார்த்தேன், உப்பு சரியாக இருந்தது

ஆறு வருடங்களாக நான் இணையத்தில் ஒரே பொய்யை, எழுத்துப்பிழை இல்லாமல், திரும்பத் திரும்ப எழுதிவந்தேன். ‘செய்து பார்த்தேன். உப்பு, உறைப்பு எல்லாம் சரியாக இருந்தது. நன்றி.’ ஒரு சமையல் வலைப்பூவில் ஏறக்குறைய அறுபது குறிப்புகளுக்குக் கீழே இந்த வாசகம் என் பெயரில் நிற்கிறது. அறுபதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. எங்கள் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் பற்றும் என்பதே எனக்குச் சமீபத்தில்தான் தெரியும்.

என் வேலை தரச் சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓசூரில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஷிஃப்ட் தொடங்கியதும் இயந்திரத்திலிருந்து விழும் முதல் பீஸை ஆப்பரேட்டர் என் மேஜைக்கு எடுத்து வருவார். நான் அளந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மற்றவை ஓடும். அளக்காமல் போட்டால் அன்றைய உற்பத்தி மொத்தமும் பழைய இரும்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

வலைப்பூ பழக்கம் கேன்டீனில் ஆரம்பித்தது. குழி வைத்த ஸ்டீல் தட்டு, எந்தக் கிழமையும் ஒரே நிறத்தில் வரும் சாம்பார், சுவரில் சாய்த்து வைத்த போன். வாயில் ஒன்று, கண்ணில் வேறொன்று. எனக்கு வீடியோக்கள் பிடிப்பதில்லை. அவற்றில் எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள். எழுத்தில்தான் வெங்காயம் நிதானமாக வதங்குகிறது. கர்நாடகப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்து வரும் ஆப்பரேட்டர் ஒருவர் என்னைக் கடக்கும்போதெல்லாம், சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் தொடங்கி, “ஊட்டா ஆய்த்தா சார், இல்ல இன்னும் படிச்சினே இருக்கீங்களா?” என்பார்.

படித்தவற்றில் எனக்குப் பிடித்தது பர்கூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் எழுதியது. முகம் காட்டியதில்லை. படங்களின் ஓரத்தில் இரண்டு கண்ணாடி வளையல்கள் தெரியும், அவ்வளவுதான். நோன்புக் கஞ்சி, ராகிக் களிக்குக் கீரைக் கடைசல், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் என்று எழுதுவார். ‘எண்ணெய் பிரியும் வரை காத்திருக்கவும்’ என்று மற்றவர்கள் விட்டுவிடும் இடத்தில், அந்த நேரத்தில் தன் வீட்டில் என்ன நடந்தது என்று அவர் இரண்டு பத்தி எழுதுவார். வெந்தயம் வறுபடும் வாசனை மாடிக்கு ஏறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியை இறக்கிக்கொண்டு வந்த கதையை நான் பல முறை படித்திருக்கிறேன்.

முதல் முறை உண்மையைத்தான் எழுதினேன்: ‘படிக்கும்போதே பசித்தது.’ அவர் பதில் போட்டார்: ‘நன்றி சகோ. செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க.’ எனக்கு வெட்கமாகிவிட்டது. கச்சேரிக்கு ஓசியில் வந்தவனைப் பார்த்து விட்டார்கள் போல. மறுநாள் செய்து பார்த்ததாக எழுதினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த குறிப்புக்கும் எழுதாவிட்டால் நன்றாக இருக்காதே என்று எழுதினேன். இப்படியே அறுபது.

போன தை மாதம் பிறந்ததும், அவரைப் பருவத்தில், பிதுக்கம்பருப்புக் குழம்பு எழுதியிருந்தார். அவரை விதையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு வைக்கும் குழம்பு. குறிப்பின் முடிவில் கோடு போட்டு, கீழே சில வரிகள். இரண்டு வருடத்துக்கு முன்னால், எல்லாருக்கும் வந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனை தெரிவதில்லை. நாக்கில் ருசியும் பாதிதான். யாரிடமும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் சமைக்கிறார். சில நாள் சந்தேகம் வரும். ‘ஆனால் ஓசூரிலிருந்து ஒரு சகோ ஒவ்வொரு தடவையும் செய்து பார்த்து, உப்பு சரி என்று எழுதுகிறார். அந்தத் தைரியத்தில்தான் நிறுத்தாமல் எழுதுகிறேன். இப்போது ஒரு பதிப்பகத்தில் புத்தகமாகப் போடக் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.’

கேன்டீன் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் முதல் பீஸை என் மேஜையில் வைத்திருக்கிறார். நான் தொடாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரை விதை வாங்கி வந்து சமையலறையில் நின்றேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னாங்க, அடுப்பாண்ட நின்னுக்கினு? ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?”

“சமைக்கப் போறேன்.”

“யாருக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

“அந்தம்மா உங்க பேச்ச நம்பி புக்கு போடப் போறாங்களா?”

“ஆமா.”

“பாவம்” என்றாள். என்னைச் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

குறிப்பில் எழுதியபடியே செய்தேன். உப்பைக் கரண்டியில் எடுத்து, மேலே ஸ்டீல் ஸ்கேலால் வழித்துச் சமன் செய்தேன். “அது உப்புங்க, இஞ்சின் பார்ட் இல்ல” என்றாள். குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்தேன். உப்புக் கரித்தது. என் கை செய்த கோளாறாக இருக்க வேண்டுமென்று அன்றைக்கு விரும்பியதைப்போல் நான் எதையும் விரும்பியதில்லை. அவள் ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

“நீங்க கெடுக்கல. அளவே அப்பிடித்தான் இருக்குது.”

மறுநாள் அதே அளவில் அவளே செய்தாள். அப்போதும் கரித்தது.

அடுத்த இரண்டு வாரமும், காய்ச்சலுக்குப் பிறகு வந்த பதினான்கு குறிப்புகளையும் வேளைக்கு ஒன்றாகச் செய்தோம். செய்தோம் என்பது பேச்சுக்கு. இரண்டாவது நாளே என்னிடமிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். ஒன்பது குறிப்புகளில் உப்பு கூடுதல். காய்ச்சலுக்கு முந்தையவற்றில் நாலைச் செய்தோம். நாலும் அருமை. நாக்குக்குத் தெரியும் வரை உப்பைப் போட்டு, போட்டதை நேர்மையாக எழுதியும் இருக்கிறார் அந்த அம்மாள்.

பிறகு உட்கார்ந்து அந்தப் பதினான்கையும் திரும்பப் படித்தேன். நிறம் இருந்தது. கடுகு வெடிக்கும் சத்தம் இருந்தது. பிதுக்கிய பருப்பு விரலில் வழுக்குவது இருந்தது. வாசனை என்ற சொல்லோ மணம் என்ற சொல்லோ எங்கேயும் இல்லை. அவரைப் பருவத்தில் கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத அந்த வாசனையைப் பற்றி, முந்தைய வருடங்களில் பக்கம் பக்கமாக எழுதியவர். இரண்டு வருடமாக அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நான் ருசித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அவருக்கு எழுதினேன். அறுபதும் பொய் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். வாசனை காணாமல்போனதை நான் கவனிக்கவே இல்லை என்பதையும் எழுதினேன். கீழே கட்டம் போட்டு, குறிப்பு, எழுதிய அளவு, சரியான அளவு என்று எங்கள் தொழிற்சாலை ரிப்போர்ட் மாதிரி ஒன்று. கடைசிக் கட்டம் ‘சோதித்தவர்’. அதில் என் பெயரைப் போடப்போகும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

“ஆக்கினது நானு. கையெழுத்து மட்டும் உங்களுதா?”

அவள் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

பதினோரு நாள் பதில் இல்லை. வலைப்பூவிலும் எதுவும் வரவில்லை. கேன்டீனில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன். மாதக் கடைசி நெருங்கியது. பன்னிரண்டாம் நாள் அந்த ஒன்பது குறிப்புகளிலும் ‘உப்பின் அளவு திருத்தப்பட்டது’ என்று ஒரு வரி வந்திருந்தது. மாலையில் கடிதமும் வந்தது.

கோபமாக எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘பிள்ளைகளின் அத்தாவிடம் கேட்டேன்’ என்று எழுதியிருந்தார். ‘இரண்டு வருடமாகச் சாப்பிட்டு முடித்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிற மனிதர். ஏன் சொல்லவில்லை என்றேன். உனக்குக் கஷ்டமாக இருக்குமே என்றார். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் அழுதோம். பதிப்பகத்தில் ஒரு வருடம் தள்ளிக் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள்.’

அவர் வீட்டுக்காரர் மனைவிக்காகச் சொல்லாமல் இருந்தார். நான் எனக்காகப் பொய் சொன்னேன். இந்த வித்தியாசத்தை அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

என் கமெண்ட்டுகளை நானே நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். அறுபதையும் நீக்கச் சொன்னார். ‘படிக்கும்போதே பசித்தது’ அந்தக் கணக்கில் வராது, அது இருக்கட்டும் என்றார். பிதுக்கம்பருப்பின் கீழே நான் இன்னும் எதுவும் எழுதியிருக்கவில்லை. மனைவி இரண்டாவது முறை, திருத்திய அளவில் செய்தது சரியாக வந்திருந்தது. அதை எழுதலாமா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது.

‘அக்காவை எழுதச் சொல்லுங்கள். இனி உப்பை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் படித்தால் போதும், சகோ. அதையாவது ஒழுங்காகப் படியுங்கள்.’