அனந்தராமன் பேனா பார்க்கிறார்

மூடியைக் கழற்றி முகர்ந்து பார்க்கிறார் அனந்தராமன். தங்கத்துக்கு என்ன வாசனை என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார். பிறகு பேனாவை உள்ளங்கையில் கிடத்திக் கண்ணை மூடிக் கனம் பார்க்கிறார். காதோரம் வைத்து ஆட்டுகிறார். லஸ் முனையில் நூர் முஹம்மதுவின் பேனாக் கடையில், ஆபீஸ் விட்டதும் தினம் நடக்கிற பூஜை இது.

மனிதருக்கு இந்தச் சித்திரையில் சூப்பரின்டெண்ட் உத்தியோகம் ஆயிற்று. அன்றோடு பழைய கறுப்புப் பேனா தீட்டாகிவிட்டது. "ஆபீஸர் கையெழுத்துன்னா அதுக்கு ஒரு அந்தஸ்து வேண்டாமா? இனிமே நான் போட்டா தங்கப் பேனாவாலதான்" என்று மயிலாப்பூர் முழுக்கத் தமுக்கடித்தாயிற்று. ஆபீஸில் சர்க்கார் கட்டைப் பேனாவால் சர்க்கார் காகிதத்தில் கையெழுத்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வீட்டில் மட்டும் விரதம்.

யுத்தம் வந்த பிறகு சீமைச் சரக்கே அபூர்வம். நூர் முஹம்மது யார் யாரிடமோ சொல்லிவைத்து நாலு தங்கப் பேனா வரவழைத்திருந்தார். ஒன்றின் கிளிப்பு அம்பு மாதிரி இருக்கிறதாம், அபசகுனமாம். இன்னொன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் மாமியாரின் ஒட்டியாணத்தோடு ஒத்துப் பார்த்தார், மஞ்சள் போதவில்லை. மூன்றாவதை மாட வீதிப் பத்தரிடம் கொண்டுபோய் உரைகல்லில் தேய்த்தார். சொக்கத் தங்கம்தான் என்றார் பத்தர். ஆனால் தேய்த்த இடத்தில் கீறல் விழுந்துவிட்டது. "கீறல் விழுந்த பேனாவை எவன் வாங்குவான், பாய்?" என்று கூசாமல் அதைத் திருப்பித் தந்தார். அடப்பாவி மனுஷா! பெண் பார்க்க வந்து சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்று எழுந்திருக்கிறவர்கள்கூட இவரைவிடத் தேவலை.

எழுதிப் பார்ப்பது கடைசிக் கட்டம். துண்டுக் காகிதத்தில் ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே முழுநீளக் கையெழுத்து, வாலில் இரண்டு சுழிப்பு. எழுதும்போது அவர் கண் காகிதத்தின் பக்கம் போவதே இல்லை. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் தம் கையும் தங்கமும் மின்னுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கையெழுத்துகளைக் கூடை கூடையாகப் பெருக்கித் தள்ளியவர் நூர் முஹம்மது.

அதில் ஒன்றே ஒன்றுக்காக நாயாய் அலைந்துகொண்டிருந்தாள் முத்தம்மா. அனந்தராமன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் மகள் புருஷனை இழந்து, கைக்குழந்தைகளோடு தாய்வீடு வந்து சேர்ந்திருந்தாள். ரேஷன் கார்டில் அவர்கள் பெயர் ஏறினால்தான் அரிசி. இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று எழுதிய தாளில் உத்தியோகஸ்தர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். தாளோடு போய் நின்றவளுக்கு, "தங்கப் பேனா வரட்டும், மொதல் கையெழுத்து ஒனக்குத்தான்" என்று வரம் கொடுத்து அனுப்பினார் மகானுபாவர். முத்தம்மாவின் ஒருத்தி பங்கு அரிசியைத்தான் அத்தனை பேரும் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், அன்று கடைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, நாளிக்குக் குடுக்கலைன்னா அப்புறம் அடுத்த மாசந்தான்னு சொல்லிட்டாங்க. பசங்க வெறும் கஞ்சித்தண்ணி குட்ச்சிகினு கீதுங்க. இதாலயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு சாமி."

"அசடே, வாங்காத பேனாவால கையெழுத்துப் போடலாமோ? போய்ட்டு அப்புறம் வா." முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "பாய், அந்த நாலாவதை எடும்."

வியாபாரமாயிற்றே என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நூர் முஹம்மதுவுக்கு ரத்தம் கொதித்தது. சீ, இவனும் ஒரு மனிதனா! நாலாவது பேனாவில் மை நிரப்பிக் கொடுத்தார். முத்தம்மாவின் கையிலிருந்த தாளை வாங்கினார். கண்ணாடிப் பெட்டியின் மேல் அதை விரித்து, கையெழுத்து விழவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டார்.

"இந்த நிப்பு ரொம்ப நைஸ், சாமி. இங்க போட்டுப் பாருங்க."

அனந்தராமன் அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டார். எதிர்க் கண்ணாடியில் கண்ணை வைத்தார். பிள்ளையார் சுழி, முழுநீளக் கையெழுத்து, வாலில் இரண்டு சுழிப்பு. எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் வந்து விழுந்தன. நூர் முஹம்மது மையொற்றி வைத்து அமுக்கி, தாளை முத்தம்மாவிடம் நீட்டினார். அவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும், பாய்" என்றாள். அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள்.

அனந்தராமன் நிப்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறறது, பாய்" என்றார். பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினார். "வேற காகிதம் கொடும்."